ரூபாய்க் குறிக்கு ஓர் எண்

கொச்சி மட்டாஞ்சேரியில் யூதத் தெரு முடியும் இடத்தில் பரதேசி யூத ஆலயம் அமைந்துள்ளது. 1568-ஆம் ஆண்டில் எழுப்பப்பட்ட அவ்வாலயத்தை ஒட்டி, 1760-ஆம் ஆண்டில் எசெக்கியேல் ரஹாபி என்னும் வணிகர் ஒரு மணிக்கூண்டைக் கட்டுவித்தார். அக்கூண்டின் முகப்புகளில் எண்கள் ஒரே வகையில் எழுதப்படவில்லை. ஒரு புறம் எபிரேய எண்கள். மற்றொரு புறம் உரோம எண்கள். வேறொரு புறம் மலையாள எண்கள். ஆலயத்திற்கு வருபவரும், அயல்நாட்டு வணிகரும், உள்ளூர் மக்களும் தத்தமக்குத் தெரிந்த எழுத்தில் நேரத்தை அறிந்துகொள்ள வேண்டும் என்பது நோக்கம். மூன்று மணி என்பது ஒன்றே. அதை எழுதிக் காட்டும் வடிவங்களே வேறுபடுகின்றன.

கணிப்பொறியில் எழுத்துகளைக் கையாளும் முறையைப் பயில விரும்புவோர்க்கு இதைவிட எளிய எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது. பொருள் வேறு, அதன் வரிவடிவம் வேறு என்னும் இவ்வேறுபாட்டைப் பற்றிக்கொண்டால், 2010-ஆம் ஆண்டில் நமது ரூபாய்க்கு ஒரு புதிய குறி கிடைத்தபோது நிகழ்ந்தவற்றையும், அதன் விளைவாக இன்றும் பல அலுவலகங்களின் பழைய கோப்புகளில் தங்கிவிட்ட குழப்பங்களையும் தெளிவாகப் புரிந்துகொள்ள இயலும்.

மட்டாஞ்சேரியை இங்கு எடுத்துக்கொள்வதற்கு மற்றொரு காரணமும் உண்டு. மலையாளம், கொங்கணி, குஜராத்தி, கச்சி, தமிழ், உருது எனப் பல மொழிகள் பேசுவோர் ஒரே கடைவீதியில் விலை பேசிய ஊர் அது. மிளகுக்கான முன்பேர வணிகத்தை இந்திய மிளகு மற்றும் நறுமணப் பொருள் வணிகச் சங்கம் 1957-ஆம் ஆண்டில் இவ்வூரில்தான் தொடங்கியது. இத்தகைய ஊரில், ஒரு தொகையின் முன் நிற்கும் குறி மாறிப்போவது அழகு பற்றிய செய்தி அன்று. கணக்கு பற்றிய செய்தி.

குறி பிறந்த விதம்

ரூபாய்க்கெனத் தனியொரு குறி வேண்டும் என்று மத்திய நிதி அமைச்சகம் 2009-ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் ஒரு போட்டியை அறிவித்தது. மூவாயிரத்திற்கும் மேற்பட்ட வடிவங்கள் வந்து சேர்ந்தன. ஐந்து வடிவங்கள் இறுதிச் சுற்றுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டன. அவற்றுள் த. உதயகுமார் வரைந்த வடிவத்தை 2010-ஆம் ஆண்டு ஜூலை 15-ஆம் நாள் மத்திய அமைச்சரவை ஏற்றுக்கொண்டது. தமிழ்நாட்டைச் சேர்ந்த இவர் மும்பை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் தமிழ் எழுத்து வடிவமைப்பை ஆராய்ந்தவர். 'பராசக்தி' என்னும் தமிழ் எழுத்துருவை உருவாக்கியவர். தேவநாகரியின் 'ர' எழுத்தும், முதுகுக்கோடு நீக்கப்பட்ட உரோம 'ஆர்' எழுத்தும் இணைந்து நிற்க, மேலே இரண்டு கிடைக்கோடுகள் செல்லும் வகையில் அவ்வடிவம் அமைந்தது. மேற்கோடு தேவநாகரியின் தலைக்கோட்டையும், இரு கோடுகளும் சேர்ந்து சமக்குறியையும் நினைவூட்டுகின்றன.

அன்று அரசு வெளியிட்ட அறிவிப்பில் ஒரு கால அளவும் இருந்தது. இந்தியாவிற்குள் ஆறு மாதங்களிலும், உலக அளவில் 18 முதல் 24 மாதங்களிலும் இக்குறி கணிப்பொறிகளில் இடம்பெறும் என்று எதிர்பார்க்கப்பட்டது. ஒரு படத்தை வரைந்து முடித்த பின்னரும் இவ்வளவு காலம் எதற்காக என்னும் வினா அன்று பலருக்கும் எழுந்தது. நியாயமான வினாவே.

எண்ணாகிய எழுத்து

கணிப்பொறி எழுத்துகளை எழுத்துகளாகச் சேமித்து வைப்பதில்லை. ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண் உண்டு. அந்த எண்ணே கோப்பில் பதிவாகிறது. டாலர் குறியின் எண் 36; பவுண்டுக் குறியின் எண் 163. திரையிலோ தாளிலோ காட்ட வேண்டிய வேளையில், எழுத்துரு என்னும் வடிவத் தொகுப்பிலிருந்து அந்த எண்ணுக்கு உரிய வரிவடிவம் எடுத்துக் காட்டப்படுகிறது. மணிக்கூண்டின் உள்ளே சுழலும் சக்கரம் எண் என்றால், வெளிமுகப்பில் எழுதியிருப்பது எழுத்துரு எனலாம்.

எந்த எழுத்துக்கு எந்த எண் என்பதை உலகம் முழுவதற்கும் பொதுவாக வரையறுப்பது யூனிகோட் தரம். தமிழில் ஒருங்குறி என்கிறோம். பன்னாட்டுத் தர அமைப்பின் 10646 என்னும் தரமும் இதனோடு ஒத்திசைந்து செல்கிறது. யூனிகோட் கூட்டமைப்பில் இந்திய அரசும் தமிழ்நாட்டு அரசும் உறுப்பினராக இருந்துள்ளன. புதிய எழுத்து ஒன்று வேண்டுமெனில், அது உண்மையில் வழக்கில் உள்ளதா, ஏற்கெனவே உள்ள எழுத்தொன்றின் வேறு வடிவம் மட்டுமா, அதன் பெயரும் பண்புகளும் எவை என்னும் விவரங்களோடு விண்ணப்பம் அளிக்க வேண்டும். வழக்கமாக இதற்கு ஆண்டுகள் பல ஆகும். நாணயக் குறிகளுக்கு மட்டும் விரைவு காட்டப்படுகிறது. ஏனெனில் ஓர் அரசு அறிவித்த நாள் முதல் மக்கள் அதை எழுதத் தொடங்கிவிடுவர்.

இந்திய ரூபாய்க் குறி இவ்வகையில் வியக்கத்தக்க வேகத்தில் ஏற்கப்பட்டது. ஜூலையில் அறிவிப்பு, ஆகஸ்டில் யூனிகோட் தொழில்நுட்பக் குழுவின் இசைவு, அக்டோபர் 2010-இல் வெளிவந்த ஆறாம் பதிப்பில் இடம். அப்பதிப்பு, பன்னாட்டுத் தரத்தின் அன்றைய பதிப்போடு எழுத்துக்கு எழுத்து ஒத்திருந்தது. ஒரே ஒரு மிகை எழுத்து ரூபாய்க் குறி மட்டுமே. அதற்குக் கிடைத்த எண், நாம் வழக்கமாக எண்ணும் பதின்ம முறையில் 8377.

எண்ணோடு சில பண்புகளும் அதற்கு வகுக்கப்பட்டன. பொதுவாக எவரும் பேசாத செய்தியாயினும் பயன் மிக்கது இதுவே. இக்குறி நாணய வகையைச் சேர்ந்தது என்பது ஒன்று. எண்ணுக்கு முன்னொட்டாக வருவது, ஆகையால் வரியின் கடைசியில் குறியும் அடுத்த வரியில் தொகையுமாகப் பிரிந்துவிடலாகாது என்பது மற்றொன்று. உருது, எபிரேயம் போன்று வலமிருந்து இடமாக எழுதும் மொழிகளின் நடுவே வந்தாலும், எண்ணை ஒட்டி எழுதப்பட்ட குறி எண்ணோடு சேர்ந்தே நகர வேண்டும் என்பது மூன்றாவது. மட்டாஞ்சேரி போன்ற ஊருக்கு மூன்றாவது பண்பின் அருமை சொல்லாமலே விளங்கும்.

பழைய குறியையே மாற்றியிருக்கலாகாதா?

யூனிகோட் தரத்தில் ரூபாய்க்கு முன்பே ஓர் எழுத்து இருந்தது. ஆர், எஸ் ஆகிய இரு உரோம எழுத்துகளை ஒட்டி எழுதும் குறி அது. அதன் எண் 8360. எழுத்துருக்களில் அந்த இடத்தில் புதிய வடிவத்தை வரைந்துவிட்டால் புதிய எண்ணுக்கு அலைய வேண்டியதில்லையே என்று கேட்கலாம்.

அவ்வாறு செய்யாததற்கு இரண்டு காரணங்கள். முதலாவது, ரூபாய் என்னும் பெயர் நமக்கு மட்டும் உரியது அன்று. இலங்கை, பாகிஸ்தான், நேபாளம், மொரீசியசு ஆகிய நாடுகளும் தத்தம் நாணயத்தை ரூபாய் என்றே வழங்குகின்றன. கொழும்பிலிருந்து வந்த ஒரு பழைய பட்டியலைக் கொச்சியில் திறக்கும்போது, அதிலுள்ள இலங்கை ரூபாய் இந்திய ரூபாயாகத் தோன்றுமானால் அது வடிவ மாற்றம் அன்று, தொகை மாற்றம். இரண்டாவது, ஒருமுறை தரப்பட்ட எழுத்தின் பொருளைப் பின்னர் மாற்றலாகாது என்பது இத்தரத்தின் அடிப்படை நெறி.

இந்நெறியின் அருமையை ஐரோப்பா நமக்கு முன்பே பட்டு உணர்ந்தது. யூரோ நாணயத்தின் குறிக்கு 1998-ஆம் ஆண்டில் யூனிகோட் 8364 என்னும் எண்ணை வழங்கியது. ஆனால் அக்காலத்தில் பெரும்பாலான கணிப்பொறிகள் 256 இடங்களே கொண்ட சிறு அட்டவணைகளையே நம்பியிருந்தன. பன்னாட்டுத் தரத்தின் திருத்திய அட்டவணை ஒன்றில் 164-ஆம் இடத்திலிருந்த பொது நாணயக் குறியை அகற்றி அங்கே யூரோவை அமர்த்தினர். மைக்ரோசாஃப்ட் நிறுவனமோ தன் அட்டவணையில் 128-ஆம் இடத்தை யூரோவுக்கு அளித்தது. ஒரே கோப்பு ஒரு பொறியில் யூரோவாகவும், மற்றொன்றில் பொருளற்ற வேறு குறியாகவும் தோன்றியது. நமது குறி பிறந்தபோது இத்தொல்லை நமக்கு நேராமல் இருந்திருக்க வேண்டும். ஆயினும் நேர்ந்தது, வேறொரு வாயில் வழியாக.

தற்காலிக ஏற்பாடும் அதன் கடனும்

குறி அறிவிக்கப்பட்ட நாளிலேயே, மங்களூரைச் சேர்ந்த போரேடியன் என்னும் நிறுவனம் அக்குறி கொண்ட எழுத்துரு ஒன்றை எவரும் விலையின்றி எடுத்துக்கொள்ளும்படி வெளியிட்டது. அன்று 8377 என்னும் எண் பிறந்திருக்கவில்லை. ஆகவே, விசைப்பலகையில் ஒன்றாம் எண்ணுக்கு இடப்பக்கம் உள்ள சாய்ந்த சிறு கீறலின் இடத்தில் புதிய வடிவம் வைக்கப்பட்டது. அக்கீறலின் எண் 96. அந்த எழுத்துருவைத் தேர்ந்து அவ்விசையை அழுத்தினால் ரூபாய்க் குறி தெரியும். ஆர்வமுற்ற மக்களுக்கு உடனடியாக ஒரு வழி கிடைத்தது. அந்த முயற்சி பாராட்டுக்குரியதே. இடர் எங்கே எனில், தற்காலிகமாகச் செய்தது நிலைத்துவிட்டதில்தான்.

அதற்கும் காரணம் இருந்தது. கட்டற்ற மென்பொருளான உபுண்டு, 2010 அக்டோபரில் வெளிவந்த தன் பதிப்பிலேயே இக்குறியை இயல்பாக ஏற்றுக்கொண்டது. விண்டோஸ் ஏழாம் பதிப்புக்கும் விஸ்டாவுக்கும் 2011 மே மாதத்தில் திருத்தம் வந்தது. ஆனால் அந்நாளில் நம் நாட்டின் எண்ணற்ற அலுவலகங்களில் ஓடிக்கொண்டிருந்தது விண்டோஸ் எக்ஸ்பி. அத்திருத்தம் அதற்குரியதன்று. ஆகவே கீறலில் ஒளிந்த ரூபாய்க் குறியே பல ஆண்டுகள் கடிதங்களிலும் ஆண்டறிக்கைகளிலும் ஒப்பந்தப்புள்ளிகளிலும் புழங்கியது.

இதன் விளைவைக் காண, மட்டாஞ்சேரியில் மிளகு ஏற்றுமதி செய்யும் ஓர் அலுவலகத்தைக் கற்பனை செய்துகொள்வோம். ஆண்டு 2011. கணக்கர் தம் பட்டியலில் தரம் பிரித்த மிளகு, வணிகர் மொழியில் 'கார்பிள்டு', ஒரு குவிண்டாலுக்கு இன்ன விலை என்று குறியோடு தட்டச்சிடுகிறார். அவர் கண்ணுக்கு ரூபாய்க் குறி தெரிகிறது. கோப்பில் பதிவாகியிருப்பதோ 96 என்னும் கீறல். அப்பட்டியல் தணிக்கையாளரின் பொறிக்குச் செல்கிறது. அங்கே அந்த எழுத்துரு இல்லை. ஒவ்வொரு தொகைக்கு முன்னும் ஒரு கீறல் நிற்கிறது.

இம்மட்டில் நின்றால் அது கண்ணுக்கு உறுத்தலே; கணக்குக்கு இழப்பில்லை. ஆனால் கணக்கர் பயன்படுத்தியது கட்டங்கள் கொண்ட விரிதாள் மென்பொருளாயின் நிலைமை வேறு. கீறலோடு தொடங்கும் ஒரு கட்டத்தை அம்மென்பொருள் எண் என்று கொள்வதில்லை. சொல் என்றே கொள்ளும். கூட்டுத்தொகை காணும் கட்டளை, சொற்கள் உள்ள கட்டங்களைச் சத்தமின்றித் தாண்டிச் சென்றுவிடும். பத்து உருப்படிகளில் மூன்றை மட்டும் குறியோடு தட்டச்சிட்டிருந்தால், ஏழின் கூட்டுத்தொகையே அடியில் விழும். எச்சரிக்கை எதுவும் வாராது. பேரேட்டில் கையால் கூட்டிப் பழகிய பழைய கணக்கர்கள் கணிப்பொறியின் கூட்டலை மீண்டும் ஒருமுறை மனத்தால் சரிபார்ப்பதைக் கண்டு இளைஞர்கள் நகைப்பதுண்டு. இவ்விடத்தில் நகைக்க எதுவுமில்லை.

கண்பார்வையற்றோர் நிலையையும் எண்ணிப் பார்க்க வேண்டும். திரையிலுள்ளதைப் படித்துச் சொல்லும் மென்பொருள், 8377 என்னும் எண்ணைக் கண்டால் அது இன்ன நாணயக் குறி என்று அறிந்து சொல்ல இயலும். 96-ஐக் கண்டால் கீறல் என்று சொல்லும். அல்லது ஒன்றும் சொல்லாது கடந்துவிடும். அரசு அறிவிப்பொன்றில் உதவித்தொகை எவ்வளவு என்று கேட்டறிய விழையும் ஒருவருக்கு, அத்தொகை ரூபாயா, விழுக்காடா, வெறும் எண்ணா என்பதே விளங்காமல் போகும்.

உண்மையில் இது நமக்குப் புதிய நோய் அன்று. தமிழிலும் மலையாளத்திலும் உரோம எழுத்துகளின் எண்களின்மேல் நம் எழுத்துகளின் வடிவங்களைப் போர்த்திய எழுத்துருக்கள் எத்தனையோ ஆண்டுகள் வழங்கின. தமிழ்நாட்டு அரசு 1999-ஆம் ஆண்டில் டாம், டாப் என்னும் அட்டவணைகளைத் தரமாக்கியதும், பின்னர் 2010-ஆம் ஆண்டில் ஒருங்குறியை ஏற்று ஆணையிட்டதும் இந்நோய் தீர்க்கவே. அந்த ஆணை வெளிவந்த அதே ஆண்டிலேயே, ரூபாய்க் குறியில் பழைய பிழையை நாடு முழுவதும் மீண்டும் ஒருமுறை செய்தோம் என்பது சற்று வருத்தத்துடன் குறிக்கத்தக்கது.

எழுத்துருவில் நேரும் வேலை

எண் கிடைத்துவிட்டது. இனி ஒவ்வோர் எழுத்துருவிலும் அந்த எண்ணுக்குரிய வடிவத்தை வரைய வேண்டும். அரசு வெளியிட்ட ஒரே வடிவத்தைப் படமாக எடுத்து எல்லா எழுத்துருக்களிலும் ஒட்டிவிட இயலாது. மெலிந்த எழுத்துருவில் அது மெலிந்தும், தடித்த எழுத்துருவில் தடித்தும், அடிக்கட்டு உள்ள எழுத்துருவில் அதற்கேற்ற முடிவுகளோடும் அமைய வேண்டும்.

இக்குறியின் தனிச் சிக்கல் அதன் இரு கிடைக்கோடுகள். தடித்த எழுத்தில், சிறிய அளவில், அவ்விரண்டும் ஒன்றோடொன்று ஒட்டி ஒரே பட்டையாகிவிடும். கோடுகளை மெலிதாக்கினால் குறி எண்களைவிட வெளிறித் தோன்றும். இடைவெளியைக் கூட்டினால் கீழ்ப்பகுதிக்கு இடம் போதாது. டாலர், பவுண்டு ஆகியவற்றை வரைந்து பழகிய அயல்நாட்டு வடிவமைப்பாளர்கள் இதில் தடுமாறியது இயல்பே.

அகலம் குறித்தும் ஒரு விதி உண்டு. கணக்குப் பட்டியலுக்குரிய எழுத்துருக்களில் பூச்சியம் முதல் ஒன்பது வரை எல்லா எண்களும் ஒரே அகலம் கொண்டவை; அப்போதுதான் ஒன்றின்கீழ் ஒன்றாக, பத்துக்கு நேர் பத்தும் நூற்றுக்கு நேர் நூறும் நிற்கும். நாணயக் குறியும் அதே அகலத்தில் இருப்பது நலம். தமிழ், மலையாள எழுத்துருக்களில் வேறொரு கவனமும் தேவை. அவற்றில் எழுத்துகளின் உயரமும் எண்களின் உயரமும் பெரும்பாலும் ஒத்திருப்பதில்லை. ரூபாய்க் குறி எண்களின் துணையாக நிற்பது. எனவே எழுத்துகளை அல்ல, எண்களையே அது உயரத்தில் ஒத்திருக்க வேண்டும்.

எழுத்துருவில் இவ்வடிவம் இல்லாதபோது கணிப்பொறி வேறோர் எழுத்துருவிலிருந்து இரவல் வாங்கிக் காட்டும். விலைப்பட்டியலில் குறி மட்டும் அந்நியமாகத் துருத்தி நிற்பதைக் கண்டிருப்போர், காரணம் இதுவென அறியலாம். இரவலும் கிடைக்காவிடில் வெற்றுக் கட்டம் ஒன்று தோன்றும். ஒன்றை இங்கு வற்புறுத்த வேண்டும். வெற்றுக் கட்டம் தோன்றினாலும் கோப்பில் உள்ள எண் சரியாகவே இருக்கிறது. நாளை நல்ல எழுத்துரு கிடைத்தால் குறி தோன்றிவிடும். அழகாகத் தெரியும் பொய்க் குறியைவிடக் கட்டமாகத் தெரியும் மெய்க்குறி மேலானது.

விசை, அச்சு, குறுஞ்செய்தி

விசைப்பலகையில் இக்குறிக்கு டாலர் குறியுள்ள நான்காம் எண் விசையே இடமாயிற்று. இந்திய ஆங்கில விசை அமைப்பைத் தேர்ந்து, வலப்பக்க ஆல்ட் விசையோடு நான்கை அழுத்தினால் மெய்யான ரூபாய்க் குறி வரும். இதற்கெனப் புதிய விசைப்பலகை வாங்க வேண்டியதில்லை. விசையின்மேல் படம் இல்லாவிடினும் வேலை நடக்கும்.

கடைகளில் ரசீது அச்சிடும் சிறு பொறிகளின் நிலை வேறு. பலவற்றில் எழுத்து வடிவங்கள் பொறியின் நிலையான நினைவகத்திலேயே பொறிக்கப்பட்டுள்ளன. அங்கு இல்லாத குறியை மென்பொருளால் சேர்க்க முடியாது. சிறு படமாக அனுப்பினால்தான் உண்டு. ஆகவே 'ரூ.' என்றோ உரோம எழுத்திலோ அச்சிடும் பழைய வழக்கம் பல கடைகளில் தொடர்வதைக் குறையாகக் கருத வேண்டுவதில்லை. சரியான சொல், தவறான குறியைவிடப் பயனுள்ளது.

கைப்பேசியில் அனுப்பும் குறுஞ்செய்தியில் இக்குறிக்கு ஒரு விலை உண்டு. அதை அறியாமலே பலர் செலுத்தி வருகின்றனர். ஒரு குறுஞ்செய்தியின் கொள்ளளவு 140 பைட்டு. உரோம எழுத்துகளுக்கான அடிப்படை அட்டவணையில் ஓர் எழுத்துக்கு ஏழு துகள்களே தேவைப்படுவதால் 160 எழுத்துகள் அதில் அடங்கும். அவ்வட்டவணையில் டாலர், பவுண்டு, யென் ஆகியன உண்டு. யூரோவும் துணை அட்டவணையில் உண்டு. நமது ரூபாய்க் குறி இல்லை. செய்தியில் அது ஒருமுறை வந்தாலும், முழுச் செய்தியும் எழுத்துக்கு இரண்டு பைட்டு என்னும் முறைக்கு மாறிவிடும். அப்போது 70 எழுத்துகளே அடங்கும்.

இடுக்கியிலும் வயநாட்டிலும் உள்ள மிளகு விவசாயிகளுக்கு அன்றன்றைய விலையை ஆங்கிலத்தில் 120 எழுத்துகளில் அனுப்பும் ஒரு வணிகரை எண்ணிக்கொள்வோம். குறியின்றி அனுப்பினால் ஒரு செய்தி. குறியோடு அனுப்பினால், பிரிக்கப்பட்ட செய்தி ஒவ்வொன்றிலும் 67 எழுத்துகளே அடங்குமாதலால், இரண்டு செய்திகள். ஆயிரம் பேருக்கு அனுப்பினால் இரண்டாயிரம் செய்திகளுக்குக் கட்டணம். ஆனால் அதே செய்தியைத் தமிழிலோ மலையாளத்திலோ இருபைட்டு முறையில் அனுப்புவோருக்கு இக்குறியால் இரட்டிப்பு நேராது. அவர்களது செய்தி முன்னரே 70 எழுத்துக் கணக்கில்தான் செல்கிறது. ஆங்கிலத்தில் எழுதுவோருக்கு மட்டும் இந்தியக் குறியால் கூடுதல் செலவு என்பது விந்தையே.

வங்கிகளுக்கிடையே தொகை செல்லும்போது இக்குறி எங்கும் வருவதில்லை என்பதையும் கூற வேண்டும். அங்கே வழங்குவது பன்னாட்டுத் தரத்தின் மூன்றெழுத்துச் சுருக்கமான ஐ.என்.ஆர். என்பதும், அதற்கிணையான 356 என்னும் எண்ணுமே. எனவே கணக்கு மென்பொருள் எழுதுவோர் தொகையைத் தனி எண்ணாகவும், நாணயத்தை மூன்றெழுத்துச் சுருக்கமாகவும் சேமித்து, காட்டும் வேளையில் மட்டும் குறியைச் சேர்ப்பதே சிறந்த முறை. இலட்சம், கோடி என்னும் நம் வழக்கப்படி காற்புள்ளி இடுவதும் காட்டும் வேளைக்குரிய வேலையே. 12,34,567 என்று நாம் எழுதுவதை அயல்நாட்டார் 1,234,567 என்று காண்பர். உள்ளே இருக்கும் எண் ஒன்றே. மணிக்கூண்டின் முகப்புகளை இங்கும் நினைவுகூரலாம்.

தமிழ்க் கணக்கேட்டின் குறிகள்

புதிய குறியைப் பற்றிப் பேசுகையில், நம் முன்னோர் கணக்கேடுகளில் எழுதிய குறிகளை மறந்துவிடலாகாது. ரூபாயைக் குறிக்கத் தமிழில் ௹ என்னும் கூட்டெழுத்து நெடுங்காலம் வழங்கியது. நில ஆவணங்களிலும் கடைக் கணக்குகளிலும் அதைக் காணலாம். பற்று, வரவு, மேற்படி ஆகியவற்றின் குறிகளோடு சேர்ந்து, 2003-ஆம் ஆண்டில் வந்த யூனிகோட் நான்காம் பதிப்பில் அதற்கு 3065 என்னும் எண் கிடைத்தது. அதாவது, இந்திய ரூபாய்க் குறிக்கு ஏழு ஆண்டு மூத்தது தமிழ் ரூபாய்க் குறி.

2019-ஆம் ஆண்டில் வந்த பன்னிரண்டாம் பதிப்பில் தமிழுக்குத் துணைத் தொகுதி ஒன்று சேர்ந்தது. அதிலுள்ள 51 எழுத்துகளுள் பின்ன எண்களும், உழக்கு, குறுணி, பதக்கு முதலிய அளவைக் குறிகளும், குழி, வேலி ஆகிய நில அளவைக் குறிகளும் உள்ளன. காசு, பணம், பொன், வராகன் ஆகிய நான்கு நாணயங்களின் குறிகளும் அவற்றுள் அடங்கும். மலையாளத்தின் பழைய பின்னக் குறிகளுக்கும் 2008, 2016 ஆகிய ஆண்டுகளின் பதிப்புகளில் இடம் கிடைத்தது. பழைய ஓலைக் கணக்குகளைக் கணிப்பொறியில் ஏற்றும் ஆய்வாளர்க்கு இவை இன்றியமையாதவை. கொச்சியில் பழைய மலையாள, தமிழ்க் கணக்குகளைப் பெயர்த்தெழுத விழைவோர் இனி ஒவ்வொரு குறிக்கும் படம் வரைய வேண்டியதில்லை. எண் உண்டு. இவற்றை முழுமையாகக் கொண்ட எழுத்துருக்கள் இன்னும் குறைவு என்பதே தடை.

யூனிகோட் தரத்தில் நாணயக் குறிகளுக்கென ஒதுக்கிய பகுதி 8352 முதல் 8399 வரை உள்ள 48 இடங்கள். நமக்கு அடுத்த இடமாகிய 8378-ஐ 2012-ஆம் ஆண்டில் துருக்கி லிரா பெற்றது. அந்த ஒரே எழுத்துக்காகவே ஒரு பதிப்பு வெளிவந்தது. பின்னர் ரூபிள், லாரி, பிட்காயின், சோம் ஆகியன வந்தன. 2025-ஆம் ஆண்டில் சவூதி ரியால் 8385-ஐப் பெற்றது. வளைகுடா நாடுகளோடு ஓயாது வணிகமும் போக்குவரத்தும் நடத்தும் கேரளத்தில், ரியால் குறியின் வருகை தொலைவிலுள்ள செய்தி அன்று. எழுத்துருக்கள் வந்து சேருமுன் குறியை எழுதிவிட வேண்டும் என்னும் அவசரம் அங்கும் எழும். மற்றோர் எழுத்தின் இடத்தில் அதை ஒளித்து வைக்கும் எழுத்துரு எவரேனும் அளித்தால், வாங்குமுன் சிந்திப்பது நன்று.

பழைய கோப்புகளைத் திருத்துதல்

இனி, 2010-க்குப் பிந்தைய பழைய கோப்புகளை வைத்திருக்கும் அலுவலகங்கள் செய்யத்தக்கது யாது? முதலில் நோயை அறிய வேண்டும். தொகையுள்ள ஒரு வரியை நகலெடுத்து, அலங்காரமற்ற எளிய எழுத்துப் பதிப்பியில் ஒட்டிப் பார்க்கலாம். ₹ என்றே நின்றால் கோப்பு நலமாக உள்ளது. சாய்ந்த கீறலாக மாறினால் திருத்தம் தேவை.

திருத்துகையில் கோப்பிலுள்ள எல்லாக் கீறல்களையும் ஒரே கட்டளையால் மாற்றிவிடுவது பிழை. பிரெஞ்சு, இத்தாலியம் முதலிய மொழிச் சொற்களிலும், கணிப்பொறி நிரல்களிலும் கீறல் தன் பொருளிலேயே வரக்கூடும். மாற்ற வேண்டியது, அந்த எழுத்துரு இடப்பட்ட கீறலை மட்டுமே. எழுத்துருவின் பெயரையும் சேர்த்துத் தேடும் வசதி பெரும்பாலான சொற்செயலிகளில் உண்டு. மாற்றிய பின் அவ்விடத்தின் எழுத்துருவையும் மாற்ற வேண்டும். இல்லையெனில் மெய்யான குறி, தன் வடிவமற்ற எழுத்துருவில் சிக்கிக் கட்டமாகத் தோன்றும். விரிதாள்களில் குறியை அறவே நீக்கி, வெறும் எண்ணாக்கி, கட்டத்தின் வடிவமைப்பில் நாணயமாகக் காட்டும்படி அமைப்பதே தக்கது. அவ்வாறு செய்த பின் அடிக்கூட்டுத் தொகை முன்பிருந்ததிலிருந்து மாறுகிறதா என்று பார்க்க வேண்டும். மாறினால், எந்த ஆண்டின் கணக்கிலிருந்து மாறுகிறது என்பதைத் தணிக்கையாளரிடம் காட்டிய பிறகே பழைய கோப்பை அகற்றலாம்.